துடுப்புச் சக்கரத் தபால் கப்பல்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா ராணி காலத்துத் தபால் கப்பலைக் கதையிலோ கட்டுரையிலோ கொண்டுவருகிறவர்கள் பலரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பழைய கடித உறைகளைச் சேகரிக்கிறவர்களும் அப்படியே. கப்பலின் கம்பீரத்தில் மயங்கி, அதன் வயிற்றில் கிடந்த தபால் பையை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில் சக்கரத்தைப் பார்ப்போம். துடுப்புச் சக்கரக் கப்பல் என்றதும் பலர் மனதில் வருவது, பின்பக்கம் ஒற்றைச் சக்கரம் சுழலும் மிசிசிப்பி ஆற்றுப் படகு. கடல் கடந்த தபால் கப்பல்களில் நடுப்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்கள் இருக்கும். 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து கிளம்பிய, குனார்டு கப்பல் கம்பெனியின் 'பிரிட்டானியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 207 அடி நீள மரக் கப்பல். புறப்படும் நாளில் நிலக்கரிப் பாரத்தால் தாழ்ந்து மிதக்கும். சக்கரப் பலகைகள் தேவைக்கு மேல் முங்கி, தண்ணீரைப் பின்னால் தள்ளுவதோடு வீணாக மேலேயும் வாரி இறைக்கும். நாளுக்கு நாற்பது டன் போலக் கரி எரிய எரியக் கப்பல் எழும்பும். கடைசி நாட்களில் பலகைகளுக்குப் போதிய பிடிப்பு இருக்காது. பக்கவாட்டில் அலை அடித்தாலோ ஒரு சக்கரம் முழுகும், இன்னொன்று காற்றில் வெறுமனே சுற்றும். புயல் காட்சி எழுதுகிறீர்கள் என்றால், இயந்திரம் ஒரு கணம் திணறி மறுகணம் தறிகெட்டு ஓடும் அந்த ஏறுமாறான சத்தத்தை எழுதுங்கள். வெறும் 'கடகட' போதாது.

பாய்மரத்தையும் அழித்துவிடாதீர்கள். பிரிட்டானியாவில் மூன்று பாய்மரங்கள் இருந்தன. காற்று தோதாக அடித்தால் பாயை விரித்துக் கரியை மிச்சம் பிடிப்பார்கள். கப்பலின் ஆட்டமும் கொஞ்சம் அடங்கும்.

அப்புறம், 'புரொப்பல்லர் (பின்பக்கம் நீருக்குள் சுழலும் விசிறி) வந்தது, சக்கரம் ஒழிந்தது' என்று ஒரே வரியில் முடிப்பது. 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பல்லர் பூட்டிய 'ராட்லர்' கப்பலையும் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ' கப்பலையும் பின்பக்கம் சேர்த்துக் கட்டி எதிரெதிராக இழுக்கவிட்டது. அலெக்டோ முழு வேகத்தில் முன்னேற முயன்றபோதே ராட்லர் அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 17 ஆண்டுகள் கழித்து, 1862இல் குனார்டு கம்பெனி அட்லாண்டிக் தபாலுக்கு இறக்கிய 'ஸ்கோஷியா' சக்கரக் கப்பல்தான். புரொப்பல்லர் தண்டு கப்பலின் பின்பக்கத்தைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பித்தளைத் தாங்கிகள் சீக்கிரம் தேய்ந்து தொல்லை கொடுத்தன. 1850களில் ஜான் பென் என்ற பொறியாளர் அங்கே லிக்னம் வைட்டே என்ற கடின மரத்தைப் பொருத்திய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. தபால் ஒப்பந்தம் கொடுத்த அட்மிரால்டியும் (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை) வெகுகாலம் சக்கரத்தையே நம்பியது.

அந்த ஒப்பந்தம்தான் இங்கே உயிர்நாடி. தபாலை, ஏற்றிய சரக்குகளில் ஒன்றாக எண்ணக் கூடாது. குனார்டுக்கு ஆண்டுக்கு 60,000 பவுண்ட் அரசுப் பணம் கிடைத்தது தபாலுக்காகத்தான். பைகளுக்குப் பொறுப்பாக ஒரு கடற்படை அதிகாரியே கூட வந்தார். 1844 பிப்ரவரியில் பாஸ்டன் துறைமுகம் உறைந்து பிரிட்டானியா சிக்கிக்கொண்டபோது, ஊர் வணிகர்கள் சொந்தச் செலவில் ஐஸ் வெட்டும் ஆட்களைப் பிடித்து, ஏழு மைல் போலப் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலுக்கு வழி செய்தார்கள். நம் சென்னை ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் வந்ததும் அதே பாஸ்டன் பக்கமிருந்துதான். ஊரே சேர்ந்து பனியை அறுக்கிற அளவுக்கு ஒரு கடிதப் பை முக்கியமாக இருந்த காலம் அது.

குதிரைத்திறன் எண்களில் கவனம் தேவை. அன்றைய பட்டியல்களில் இருப்பது பெரும்பாலும் 'நாமினல்', அதாவது பெயரளவுக் கணக்கு; இயந்திரம் உண்மையில் தந்த திறன் அதைவிடக் கணிசமாக அதிகம். இரண்டையும் கலந்து கப்பல்களை ஒப்பிடாதீர்கள்.

உறை சேகரிப்பவர்களுக்கு: ஒரு பென்னிக்குக் கடிதம் போன 1840இன் பென்னி தபால் பிரிட்டனுக்குள் மட்டும்தான். அட்லாண்டிக் தாண்டிய அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங் (பன்னிரண்டு பென்னி), அதாவது பன்னிரண்டு மடங்கு. 'ஷிப் லெட்டர்' என்ற முத்திரையைக் கண்டதும் தபால் கப்பல் என்று முடிவு கட்டாதீர்கள். ஒப்பந்தம் இல்லாத தனியார் கப்பலில் வந்தது என்பதே அதன் பொருள். ஒப்பந்தக் கப்பலில் வந்தது 'பாக்கெட்' கடிதம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: லண்டனில் ஏறிய கடிதம் அதே கப்பலில் சென்னையில் இறங்கியது என்று எழுதுவது. பி அண்ட் ஓ கம்பெனியின் 'ஹிந்துஸ்தான்' 1842 செப்டம்பரில் சவுதாம்ப்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது, சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடுவதற்காக. சூயஸ் வழியில் வந்த கடிதம் ஒரு கப்பலில் அலெக்ஸாண்டிரியா வரும். கால்வாய்ப் படகிலும் நைல் நதியிலும் கெய்ரோ சேரும். பாலைவனத்தைத் தரைவழியே கடந்து சூயஸில் வேறு கப்பல் ஏறி, இலங்கையின் காலித் துறைமுகத்தைத் தொட்டு இங்கே வரும். உறையின் மூலையில் 'வழி மார்சேய்' என்றிருந்தால் கூடுதல் காசு கொடுத்து பிரான்ஸ் வழியாக விரைவாக அனுப்பியது என்று அர்த்தம். 'வழி சவுதாம்ப்டன்' என்றால் மலிவு, ஆனால் தாமதம்.

சென்னையில் அப்போது கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுதான் அலைகளைத் தாண்டிப் போய்ச் சுமையை இறக்கி வரும். படகும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் போவார். தலையில் பனையோலையில் முடைந்த கூம்புத் தொப்பி, அதற்குள் நனையாமல் கடிதம். அலை கவிழ்த்தால் நீந்திப் போய்க் கட்டுமரத்தைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். உங்கள் கதையில் அவருக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள்.