ஆஸ்துமா குழந்தைக்கு எது ஒவ்வாது என்று கண்டறிவது எப்படி?
திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பெற்றோர் குழந்தையின் இளைப்புக்குப் பஞ்சுத் தூசியையே முதலில் காரணமாகச் சொல்வார்கள். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியையும் கரப்பானையும் சேர்த்தே ஐயுற வேண்டும். இளைப்பு எங்கே, எப்போது வருகிறது என்று சில வாரங்கள் குறித்துவைத்து, அக்குறிப்புடன் மருத்துவரிடம் தோல் குத்துச் சோதனை பற்றிக் கேளுங்கள். ஐயத்துக்குரிய பொருள்களின் சாற்றையும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீரையும் தோலில் சொட்டாக இட்டு லேசாகக் குத்திப் பார்ப்பதே அச்சோதனை. அதற்குச் சில நாள் முன்பே, மருத்துவர் சொற்படி, செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்துகளை நிறுத்த வேண்டும். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சோதனையில் சுமார் 15 நிமிடத்தில், ஒரு பொருளை இட்ட இடத்தில், வெறும் உப்புநீர் இட்ட இடத்தைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாகத் தடிப்பு எழுந்தால், உடல் அப்பொருளுக்கு எதிராக ஐஜிஇ (IgE) என்னும், ஒவ்வாமையில் பங்குள்ள எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறது என்று பொருள். இளைப்புக்கு அதுவே காரணம் என்று அத்தடிப்பு மட்டும் உறுதிசெய்துவிடாது. (இவ்வேறுபாடு தெரியாமல் பாலையும் முட்டையையும் விலக்கிக் குழந்தையை வாட விடுவது வீண்.) தூசிப்பூச்சிதான் என்று மருத்துவர் முடிவுசெய்தால், படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவையுங்கள்.