கரியில் சிக்கன் சுடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்துத் தங்கப் போகிறவர்கள் மசாலா பாக்கெட்டில் நாலைந்து வகை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கரியை மட்டும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சுட்ட கறி நன்றாக வருவதும் சொதப்புவதும் முக்கால்வாசி நெருப்பில்தான் இருக்கிறது. அதனால் இங்கே மசாலா கொஞ்சம், நெருப்பு நிறைய.

முதலில் கரி. எனக்குப் பிடித்தது சீமைக்கருவேலங்கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. மெதுவாகப் பிடித்தாலும் நின்று எரியும். சேலத்தில் எங்கே வாங்குவது என்று தெரியவில்லை என்றால் உங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், கடையைக் காட்டிவிடுவார். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் காய்ந்த கரி. மொத்தென்று கேட்டால் ஈரம், புகைந்துகொண்டே இருக்கும். கொட்டாங்குச்சிக் கரி வேறு ரகம்: சட்டென்று பிடிக்கும், சட்டென்று தணியும். மீனுக்குச் சரி, கோழித் தொடைக்குப் பத்தாது. ஒரு கிலோ கறிக்கு ஒன்றரைக் கிலோ கரி, மலைக்கு என்றால் இரண்டு.

கம்பி வலை எவர்சில்வரில் வாங்குங்கள். சேலம் இரும்பாலையே எவர்சில்வர் தகட்டுக்குப் பெயர் போனது, இந்த ஊரில் இருந்துகொண்டு கோழிக்கூட்டு வலையை வெட்டி அடுப்பில் போட வேண்டாம். அதில் பூசியிருப்பது துத்தநாகம். சூட்டில் அது புகையாகக் கிளம்பும், உடம்புக்கு ஆகாது.

கறிக்கு பிராய்லர் தொடைதான், தோலோடு. நாட்டுக்கோழியைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள், கரியில் போட்டால் வேகும் முன்பே காய்ந்து நாராகிவிடும். எலும்பு தட்டும்வரை மூன்று கீறல் போட்டு, கிலோவுக்கு 15 கிராம் தூள் உப்பை மட்டும் தடவி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்: இஞ்சி பூண்டு விழுது இரண்டு ஸ்பூன், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன். இன்னும் ஒரு மணி நேரம் போதும். எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறினால் மேல்சதை மாவு மாதிரி ஆகிவிடும்.

மிளகை இதில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடியில் காய்க்கிற மிளகு அவ்வளவு வாசம். அதை நெருப்பில் கருக்கிக் கசப்பாக்குவானேன்? ஒன்றிரண்டாக இடித்து, கறியை இறக்கியதும் தூவுங்கள். தேன், சர்க்கரை சேர்த்த சாஸ் எல்லாமும் இப்படித்தான், கடைசி இரண்டு நிமிடத்தில்.

இனி நெருப்பு. அவசரப்பட்டால் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள்.

கரியைப் பரப்பிப் பற்ற வைக்காதீர்கள், குவியுங்கள். அடியில் தேங்காய் நார், உடைத்த கொட்டாங்குச்சி. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாடை கறியில் ஏறினால் இறங்காது. நார் எரிந்து கரி முனைகள் சிவந்ததும் விசிறத் தொடங்கலாம். தீ நாக்கு எழும்பும், கறியைப் போடச் சொல்லிக் கை பரபரக்கும். போடக்கூடாது. அந்த நிலையில் போட்டால் வெளியே கருகி உள்ளே ரத்தம் நிற்கும். நாக்கு அடங்கி, ஒவ்வொரு துண்டும் சாம்பல் பூசிக்கொண்டு, உள்ளே மட்டும் சிவப்பாகத் தெரிய வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் பதம். சேலத்து வெயிலில் 25 நிமிடத்தில் வந்துவிடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பனி இறங்கினால் கரியும் ஈரம் வாங்கும். அங்கே 40 நிமிடம் ஆனாலும் பதற வேண்டாம். கரியை மட்டும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப் போங்கள்.

பதம் வந்ததும் எல்லாக் கரியையும் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறு பக்கம் காலி. வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால், கரிப் பக்கம் மூன்று நொடிக்குள் கையை எடுக்கத் தோன்றும். காலிப் பக்கம் ஏழெட்டு நொடி தாங்கும்.

வலையில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்துவிட்டு, கறியை முதலில் காலிப் பக்கம் வைத்து ஒரு பெரிய சட்டியால் மூடுங்கள். சட்டி விளிம்பில் கொஞ்சம் சந்து இருக்கட்டும். 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். பிறகு கரிப் பக்கம் நகர்த்தித் தோலை முறுக விடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ கிளம்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். துண்டைக் காலிப் பக்கம் இழுத்தால் தானே அடங்கும். வெந்ததா என்று பார்க்க நான் நம்புவது குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை மட்டும்தான்: எலும்பில் படாமல் குத்தி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, மசாலா பாக்கெட்டுகளைக் குறைத்துக்கொண்டு இதை வாங்குங்கள்.

பின்சேர்க்கை: அபார்ட்மெண்டில் கேஸ் அடுப்புதான் இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வலையை நேராக பர்னர் மேல் வைக்காதீர்கள், கொழுப்பு சொட்டி பர்னர் அடைத்துக்கொள்ளும். கனமான இரும்புத் தோசைக்கல்லை நடுத்தர தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, கறியை மூடிபோட்டு வேகவைத்து, கடைசியில் திறந்து முறுக விடுங்கள். வாசனைக்கு ஒரே ஒரு கரித்துண்டைச் சிவக்கவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, கறி இருக்கும் பாத்திரத்துக்குள் இறக்கி, அரை ஸ்பூன் நெய் விட்டு மூன்று நிமிடம் மூடினால் போதும்.

இன்னொன்று, மேட்டூர் அணை மீனைப் பற்றி. கட்லா, ரோகுவை இதே முறையில் சுட்டால் வலையில் ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். துண்டைத் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள், வலை நன்றாகக் காய்ந்த பின் வையுங்கள். அடிப்பக்கம் முறுகினால் அதுவே விட்டுக்கொடுக்கும், அதற்குமுன் கரண்டியால் நோண்டாதீர்கள்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று மிச்சக் கங்கை அறைக்குள் கொண்டுபோகலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. மூடிய அறையில் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கங்கை வெளியிலேயே விட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். கோடையில் சேர்வராயன் மலைச் சருகுக்கு ஒரு பொறி போதும். காட்டேஜ்காரர் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் அடுப்பு மூட்டாதீர்கள்.