மூன்று ஹைட்ராக்ஸிலில் ஒன்றை மட்டும் பிடிக்க: போரினேட் வினையூக்கிச் செய்முறை

மெத்தில் ஆல்ஃபா-எல்-ராம்னோபைரனோசைடு என்ற சர்க்கரையில் 2, 3, 4 ஆகிய இடங்களில் மூன்று ஹைட்ராக்ஸில்கள் (OH தொகுதிகள்) உண்டு. பென்சாயில் குளோரைடை வெறுமனே போட்டால் கிடைப்பது கலவைதான். 2-அமினோஎத்தில் டைஃபீனைல்போரினேட் என்ற வினையூக்கியை 10 மோல் சதவீதம் சேர்த்தால், பென்சாயில் தொகுதி 3-ஆம் இடத்தில் போய் உட்காரும்.

உலர்ந்த குடுவையில் சர்க்கரை 178 மி.கி. (1 மில்லிமோல்), வினையூக்கி 22.5 மி.கி., உலர் அசிட்டோநைட்ரைல் 5 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். டைஐசோப்ரோப்பைல்எத்திலமீன் என்ற காரத்தை 260 மைக்ரோலிட்டர் விட்டு, பென்சாயில் குளோரைடு 175 மைக்ரோலிட்டரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இரண்டும் 1.5 சமானம், அதாவது சர்க்கரையின் மோல் அளவைப் போல ஒன்றரை மடங்கு. குளோரைடின் ஆவி கண்ணை எரிக்கும். புகைப்பெட்டிக்கு (ஃப்யூம் ஹுட்) வெளியே திறக்க வேண்டாம். அறை வெப்பநிலையில் 4 மணி நேரம் கலக்கி, வினை முடிந்ததா என்று டிஎல்சியில் (மென்படல வண்ணப்பிரிகை) பாருங்கள். பிறகு நீர் சேர்த்து, எத்தில் அசிட்டேட்டில் பிரித்து, சிலிக்காவில் சுத்தம் செய்யலாம்.

வினையூக்கியின் அமினோஎத்தில் பகுதி போரானுக்கு ஒரு மூடி மாதிரி. முதலில் அதுவே பென்சாயிலேற்றமாகிக் கழன்றுவிடும். வெறுமையான போரான், ஒரே பக்கம் பார்க்கும் 2, 3 ஆக்சிஜன்களைப் பற்றி நான்கு பிணைப்புள்ள எதிர்மின் அயனியாகிறது. ஆக்சிஜனின் வினைத்திறன் கூடுகிறது. இரண்டில் நெரிசல் குறைந்த ஈக்வடோரியல் (வளையத்தின் தளத்தை ஒட்டி நீளும்) ஆக்சிஜன்தான், அதாவது 3-ஆம் இடத்தது, வினைபுரியும். இதையே ஃபீனைல்போரோனிக் அமிலத்தால் செய்ய முயல்வது பலரும் செய்யும் பிழை. அதில் உருவாகும் எஸ்டர் மின்சுமையற்றது, மூன்று பிணைப்புள்ளது. ஆக்சிஜனைத் தூண்டாமல் மூடி வைத்துவிடும்.

குளுக்கோசைடுகளில் இந்த முறை எடுபடாது. அடுத்தடுத்த ஹைட்ராக்ஸில்கள் எல்லாம் டிரான்ஸ், அதாவது எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பவை; போரானுக்குப் பிடி கிடைக்காது. மேனோசைடு, கேலக்டோசைடு என்றால் 6-ஆம் ஹைட்ராக்ஸிலை முதலில் சிலைல் ஈதராக மூடுங்கள், அது முதல்நிலை ஆல்கஹால், போட்டிக்கு வரும். ஈரம் இருந்தால் குளோரைடு பென்சாயிக் அமிலமாக வீணாகும். வினை பாதியில் நிற்கும்.

விளைபொருளைக் காரத்தில் ஊற விடாதீர்கள். பென்சாயில் 3-இலிருந்து 2-க்கு நகரக்கூடும். இடத்தை உறுதிசெய்யப் புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) போதும்: பென்சாயில் ஏறிய கார்பனிலுள்ள ஹைட்ரஜனுக்கு 5.2 பிபிஎம் பக்கம் வரும் சிகரத்தில் சுமார் 10, 3 ஹெர்ட்ஸ் என இரு பிளவுகள் தெரிந்தால் அது 3-ஆம் இடம். பிளவுகள் இரண்டும் சிறியவையாக, 3-உம் 2-உம் போல இருந்தால் 2-ஆம் இடம். இரண்டும் 10-ஐ ஒட்டி, மும்மைக் கோடாகத் தெரிந்தால் 4-ஆம் இடம். வினையூக்கி இல்லாமல் ஒரு குடுவையை அருகிலேயே ஓட்டிவையுங்கள். தேர்வுத்திறன் போரானால் வந்ததா, சர்க்கரைக்கே உரியதா என்று அதில் தெரியும்.