கிரிம்ஷா பாணியில் இலையுதிர்கால மாலை: ஆயில் பெயின்டிங் செய்முறை

மழை ஓய்ந்த சாலை, ஓரத்தில் நீண்ட மதில், இலை உதிர்ந்த மரங்கள், தனியாக நடந்துபோகும் ஒரு பெண். விக்டோரியா காலத்து லீட்ஸ் ஓவியர் ஜான் அட்கின்சன் கிரிம்ஷா (1836–1893) திரும்பத் திரும்ப வரைந்த காட்சி இது. அந்தப் பொன்னிற வானம் மஞ்சளை அப்பினால் வராது. வெளிர்நிற அடிப்பூச்சு காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய கிளேஸ் (அடிநிறம் தெரியும்படி பூசும் ஒளி ஊடுருவும் பூச்சு) ஏற்றினால்தான் வரும்.

தேவையானவை: 16×12 அங்குல கேன்வாஸ் போர்டு, எல்லோ ஆக்கர் (மங்கிய மஞ்சள்), ரா சியன்னா (மஞ்சள் கலந்த பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), டைட்டானியம் ஒயிட், லின்சீட் ஆயில், டர்பன்டைன், 1 அங்குல தட்டை பிரஷ், 6ஆம் எண் பிரஷ், மெல்லிய ரிக்கர் பிரஷ் (மெல்லிய கோடு இழுக்கும் நீளமுடி பிரஷ்). போர்டில் இரண்டு கோட் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) அடித்து, 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சொரசொரப்பு இருந்தால் கிளைக்கோடுகள் உடைந்து உடைந்து விழும்.

கோட்டோவியம்: அடிவானம் கீழிருந்து 4 அங்குலத்தில். மதிலின் மேல்விளிம்பு, சாலையோரம், வண்டித்தடம் மூன்றும் அடிவானத்தில் ஒரே புள்ளியில் சேரவேண்டும். புள்ளி நடுவில் வேண்டாம், சற்று தள்ளி வையுங்கள்.

வானம்: அடிவானத்தருகே நான்கு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு ஆக்கர். மேலே போகப்போக அம்பரும் துளி கறுப்பும். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை தட்டும். லேசாகத் தட்டினால் இந்தப் பாணிக்கு அழகுதான், மிஞ்சினால் அம்பர் சேருங்கள். டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசி, ஒரு வாரமாவது காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிறம் ஒட்டக்கூடாது. இங்கே அவசரப்பட்டால் கிளைகளில் வெள்ளை ஏறி, படமே சாம்பல் பூத்துவிடும்.

கிளேஸ்: எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்தது அரை டீஸ்பூன், அதில் பட்டாணி அளவு ரா சியன்னா. வானம் முழுக்கத் தடவி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். ஆக்கர் இதற்கு ஆகாது, ஒளி புகாத நிறம் அது. இதையும் காயவிடுங்கள்.

மரங்கள்: தூரத்து மரங்களுக்கு வானத்தின் நிறத்திலேயே கொஞ்சம் அம்பர் கலந்து, விளிம்பைத் தேய்த்து மங்கலாக்குங்கள். கிட்டத்து மரத்துக்கு அம்பரும் கறுப்பும், மை போல இளக்கி. ரிக்கரை அடிமரத்திலிருந்து நுனிக்கு இழுத்து, போகப்போக அழுத்தத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கிளை போட்டால் மீன்முள் மாதிரி ஆகிவிடும். கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டட்டும்.

சாலை: ஈரத்துக்கு வானத்தின் நிறம், ஒரு படி கருமையாக. தேங்கிய நீரில் செங்குத்தாக இழுத்து, உலர்ந்த பிரஷால் ஒருமுறை கிடைமட்டமாக வருடுங்கள்.

பெண்: சமதளத்தில் நின்று பார்ப்பவருக்கு அவள் கண்மட்டம் அடிவானத்தோடு ஒன்றியிருக்கும். காலடி அடிவானத்திலிருந்து 1 அங்குலம் கீழே இருந்தால் உருவமும் ஏறக்குறைய 1 அங்குலம்தான். தலை அடிவானத்துக்கு வெகுவாக மேலே போனால் சாலையில் ஒரு ராட்சசி நிற்பாள்.

வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.