ஹார்ட்டெயிலுக்கு சஸ்பென்ஷன் சீட்போஸ்ட்: அளவெடுப்பதிலிருந்து சேக் வைப்பது வரை

ஹார்ட்டெயில் வகை மலைச்சைக்கிளில் முன்னால் அதிர்வை வாங்கும் ஃபோர்க் இருக்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை. வேரும் கல்லுமான பாதையில் உட்கார்ந்து மிதித்தால் பின்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் ஃபிரேம் வழியாக நேரே இடுப்புக்கு ஏறும். சீட்டைத் தாங்கும் குழாய்தான் சீட்போஸ்ட். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் அந்த அடியைக் குறைக்கும், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரைதான். பெடலில் எழுந்து நின்றுவிட்டால் அது வெறும் கனமான குழாய்.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் பிராண்டிலிருந்து தொடங்குகிறார்கள். உங்கள் ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள். இரண்டு அளவுகளை எடுத்து முடித்தாலே, கடையில் இருப்பதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்துவிடும்.

படி 1: முதலில் டயர்

காசு செலவழிக்கும் முன் டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். 2.3 அல்லது 2.4 அங்குல டயரில் 40 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு முதுகு வலிக்கிறது என்றால், குறை சீட்போஸ்ட்டில் இல்லை. டியூப் போட்ட டயர், 70 கிலோ ஆள் என்றால் பின்பக்கம் 25 முதல் 30 வரை வைத்துப் பார்க்கலாம். டியூப்லெஸ் என்றால் இன்னும் சற்றுக் கீழே போகலாம். ஒரு தடவைக்கு 2 பி.எஸ்.ஐ. மட்டும் குறையுங்கள். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். இதற்குப் பிறகும் நீண்ட தூரத்தில் இடுப்பு நோகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: எப்படி ஓட்டுகிறீர்கள்?

செங்குத்தான இறக்கங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால் உங்களுக்கு வேண்டியது டிராப்பர் போஸ்ட், அதாவது ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றக்கூடிய போஸ்ட். இறக்கத்தில் சீட் கீழே போய் வழிவிட வேண்டும். அங்கே அடியை வாங்குவது உங்கள் முழங்கால்களும் கைகளும்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்து மிதிப்பவர், கரடுமுரடான மண்பாதையில் நெடுந்தூரம் போகிறவர், இடுப்பிலோ முதுகிலோ ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர், இவர்களுக்குத்தான் சஸ்பென்ஷன் போஸ்ட் பயன் தரும். இரண்டும் சேர்ந்த போஸ்ட்களும் உண்டு. ஆனால் முதல் வாங்கலுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம்: பராமரிப்பு இரட்டிப்பாகும்.

எடையையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண அலுமினியப் போஸ்ட் 250 முதல் 300 கிராம் இருக்கும். சஸ்பென்ஷன் போஸ்ட்களில் பல 450 முதல் 800 கிராம் வரை வரும்.

படி 3: விட்டம்

இப்போது இருக்கும் போஸ்ட்டைக் கழற்றிக் கீழ்ப்பகுதியைத் துடையுங்கள். 27.2, 30.9, 31.6 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் மில்லிமீட்டரில் விட்டம். எண் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பர் வேண்டும். 30.9க்கும் 31.6க்கும் வித்தியாசம் 0.7 மி.மீ.தான், ஸ்கேலில் அது பிடிபடாது. 31.6 ஃபிரேமில் 30.9 போஸ்ட்டை இறக்கிக் கிளாம்பை (போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) வெறியோடு முறுக்கினால் முதலில் போஸ்ட் வழுக்கும், பிறகு ஃபிரேமின் வாய் நசுங்கும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: கிளாம்பின் மேல் 34.9 என்று எழுதியிருக்கும். அது சீட் டியூபின், அதாவது ஃபிரேமில் போஸ்ட் இறங்கும் குழாயின், வெளிவிட்டத்துக்கான கிளாம்ப் அளவு. சில புதிய ஃபிரேம்களுக்கு 34.9 மி.மீ. போஸ்ட்டே உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. போஸ்ட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

ஃபிரேமின் துளை பெரிது, பிடித்த போஸ்ட் சிறிது என்றால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உறைக்குழாய்) போட்டு ஒப்பேற்றலாம். 27.2 போஸ்ட்டை 30.9 அல்லது 31.6 ஃபிரேமில் இப்படிப் போடுவது வழக்கம்தான். ஷிம் குறைந்தது 80 மி.மீ. நீளமாவது இருக்கட்டும், அதன் வெட்டும் ஃபிரேமின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வரட்டும். துளை சிறிதாகவும் போஸ்ட் பெரிதாகவும் இருந்தால் வழியே இல்லை.

படி 4: வெளியே எவ்வளவு தெரிகிறது?

திருப்பி அனுப்பப்படும் போஸ்ட்களில் பல இந்த இடத்தில்தான் தவறியிருக்கும். சஸ்பென்ஷன் போஸ்ட்டின் மேல்பாகம், அதாவது இணைப்புக் கைகளும் ஸ்பிரிங்கும் இருக்கும் பகுதி, ஃபிரேமுக்குள் இறங்காது. அதனால் சீட்டை ஒரு மட்டத்துக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது.

உங்கள் சீட் சரியான உயரத்தில் இருக்கும்போது, கிளாம்பின் மேல்விளிம்பிலிருந்து சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பிகளின் நடுப்பகுதி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 165 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைக்கும் போஸ்ட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச உயரம் 130 என்றால் பிரச்சினை இல்லை, குழாய் 35 மி.மீ. வெளியே தெரியும். உங்கள் அளவு 105 என்றால் அந்தப் போஸ்ட்டை மறந்துவிடுங்கள். குழாயை முழுக்க இறக்கினாலும் சீட் 25 மி.மீ. உயரத்தில்தான் நிற்கும். கால் எட்டாமல் இடுப்பை ஆட்டி ஆட்டி மிதிப்பீர்கள்.

ஒரே தயாரிப்பில் டிராவல் (போஸ்ட் அதிகபட்சம் இறங்கும் தூரம்) கூடக் கூட இந்த உயரமும் கூடும். பெரிய ஃபிரேமில் குட்டையானவர் ஓட்டினால் நீண்ட டிராவல் போஸ்ட் பெரும்பாலும் ஒத்துவராது.

கூடவே உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மெல்லிய குச்சியை சீட் டியூபுக்குள் விட்டு எங்கே தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில ஃபிரேம்களில் டியூப் பாதியில் வளையும், சிலவற்றில் பாட்டில் கூண்டின் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு ஃபிரேமுக்குள் மறைந்தே ஆக வேண்டும். அந்தக் கோடு வெளியே தெரிந்தபடி ஓட்டினால் போஸ்ட் வளையும் அல்லது சீட் டியூப் பிளக்கும்.

படி 5: எந்த வகை?

முக்கியமான வகைகள் இரண்டு. ஒன்று, குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலிஸ்கோப்பிக் வகை. விலை குறைவு, தோற்றமும் சாதாரணப் போஸ்ட் போலவே இருக்கும். குறை என்னவென்றால், குழாய் சாய்வாக நிற்கிறது, உங்கள் எடையோ நேர்க்கீழாக அழுத்துகிறது. உள்குழாய் ஒரு பக்கமாக உரசி ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன அதிர்வுக்கு அசையாது, பெரிய அடிக்கு மட்டும் திடுக்கென்று இறங்கும். இறங்கும்போது சீட் நேரே பெடல் பக்கமாக வருவதால் கால் நீளும் தூரமும் மாறுகிறது.

இரண்டாவது, இணைகரம் போல மடங்கும் இணைப்புக் கைகள் உள்ள வகை. இதில் சீட் பின்னும் கீழுமாக நகரும். பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவாக மாறாது, சின்ன அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். மலைப்பாதைக்கு எங்கள் பரிந்துரை இதுதான், தயக்கமே இல்லை. சன்டூர் என்.சி.எக்ஸ். 50 மி.மீ. டிராவல் தருகிறது, உள்ளே காயில் ஸ்பிரிங். கேன் க்ரீக் தட்பஸ்டரில் குட்டை மாடல் 50, நீள மாடல் 90, இரண்டிலும் ரப்பர் போன்ற எலாஸ்டமர். ரெட்ஷிஃப்ட் ஷாக்ஸ்டாப் 35 மி.மீ. கேன் க்ரீக்கின் ஈசில்க்கில் வெறும் 20. அது கிராவல் சைக்கிளுக்கு (சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஏற்றது, வேர்கள் நிறைந்த பாதையில் போதாது.

டிராவல் கூடினால் சுகம் கூடும் என்று நினைத்து உடனே 90க்குப் போக வேண்டாம். ஹார்ட்டெயிலில் உட்கார்ந்து மிதிக்க 35 முதல் 50 வரை போதும்.

படி 6: ஸ்பிரிங்

போஸ்ட்டை விட முக்கியமானது ஸ்பிரிங். தயாரிப்பாளரின் அட்டவணையில் எடையைப் பார்க்கும்போது உடை, காலணி, முதுகுப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். 68 கிலோ ஆள் பையோடு 74 ஆகிவிடுவார், ஸ்பிரிங்கும் மாறிவிடும். போஸ்ட்டின் அதிகபட்ச எடை வரம்பையும் அதே அட்டவணையில் பாருங்கள்.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் திருகை முறுக்கி எதையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. எவ்வளவு எடையில் அசையத் தொடங்கும் என்பதை மட்டுமே மாற்றும். மென்மையான ஸ்பிரிங்கில் பிரீலோட்டை முழுக்க முறுக்கினால், முதலில் அசைய மறுக்கும், அசைந்ததும் கடைசி வரை போய் இடிக்கும். ஸ்பிரிங்கையே மாற்றுவதுதான் வழி. எலாஸ்டமர் போஸ்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: கடுங்குளிரில் அது இறுகிப்போகும். குளிர்காலத்திலும் ஓட்டுபவர் ஒரு படி மென்மையானதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

படி 7: மாட்டுவதும் சேக் வைப்பதும்

பழைய போஸ்ட்டைக் கழற்றும் முன் இரண்டு அளவுகள்: பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை. இவை இல்லாமல் புதியதை மாட்டினால் பழைய நிலைக்கு வர ஒரு வாரம் தடவ வேண்டியிருக்கும்.

அலுமினியம் அல்லது இரும்பு ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் மெல்லிய கிரீஸ் பூச்சு. ஃபிரேமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட் மட்டும். கிளாம்பில் எழுதியிருக்கும் முறுக்கு அளவை மீற வேண்டாம். பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும்.

சீட்டில் உட்கார்ந்ததுமே போஸ்ட் சற்று இறங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சேக். டிராவலில் 20 முதல் 30 சதவீதம் சரி. இறங்காவிட்டால் பள்ளத்தில் சக்கரம் விழும்போது சீட் உங்களோடு சேர்ந்து வராது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, வெறும் சீட்டில் கம்பியிலிருந்து குழாயின் அசையாத விளிம்பு வரை அளவெடுங்கள். பிறகு பை மாட்டி, கைகள் ஹேண்டில்பாரில், கால்கள் பெடலில் வைத்து மெதுவாக உட்காருங்கள். இன்னொருவர் அதே இடத்தில் அளக்கட்டும். வெறுமையாக 112, உட்கார்ந்ததும் 100 என்றால் இறங்கியது 12 மி.மீ. 50 மி.மீ. டிராவலில் அது 24 சதவீதம், கை வைக்காமல் விட்டுவிடலாம்.

கூடவோ குறையவோ இருந்தால் பிரீலோட்டுக்கு வாருங்கள். காயில் ஸ்பிரிங் போஸ்ட்கள் பலவற்றில் அந்தத் திருகு குழாயின் அடியில் இருக்கும், போஸ்ட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றும் முன் உயரத்தை ஒரு டேப்பால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திருகினால் இறக்கம் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். இடப்பக்கம் திருகும்போது திருகு குழாயின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. மரை போதுமான அளவு பிடித்திருக்காது, ஓடும்போது கழன்றுவிடும். அந்த இடத்தில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கடைசியாக உயரம். முன்பு 720 மி.மீ. என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நிலையில் 720 வர வேண்டும். டெலிஸ்கோப்பிக் என்றால் வெறும் சீட் 732இல் நிற்கட்டும். இணைப்புக் கை வகையில் அவ்வளவு ஏற்ற வேண்டாம், உட்கார்ந்த நிலையில் இன்னொருவரை அளக்கச் சொல்லி முடிவு செய்யுங்கள். இந்த வகையில் சீட் சற்றுப் பின்வாங்கும் என்பதால், மூக்கை முன்பக்கம் நகர்த்தி ஹேண்டில்பார் தூரத்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

என்னென்ன தகராறு செய்யும்?

மிதிக்கும் தாளத்துக்குச் சீட் குதித்தால் ஸ்பிரிங் மென்மை, அல்லது சீட் அதிக உயரம். முதலில் சீட்டை 3 மி.மீ. இறக்கிப் பாருங்கள், ஸ்பிரிங்குக்குச் செலவு செய்வது அதற்கப்புறம்.

கிறீச் சத்தம் வந்தால் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குறை போஸ்ட்டிலோ சீட்டிலோதான். சீட் கம்பியின் பிடி, கிளாம்ப், இணைப்பு அச்சுகள் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து கிரீஸ் வைத்து முறுக்கிக்கொண்டு வாருங்கள்.

சீட்டின் மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டெலிஸ்கோப்பிக்கில் துளி ஆட்டம் இயல்பு. இணைப்புக் கை வகையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்திருக்கிறது. எலாஸ்டமரில் வெடிப்போ நசுங்கலோ தெரிந்தால் அதை மாற்றுங்கள்.

சீட்டுக்கு அடியில் பை மாட்டுபவர்கள், அதன் பட்டை இணைப்புக் கைகளைச் சுற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போஸ்ட் முழுக்க இறங்கும்போது பை பின்டயரில் உரசுமா என்றும் பார்க்க வேண்டும், 29 அங்குலச் சக்கரமும் சிறிய ஃபிரேமும் சேர்ந்தால் பெரும்பாலும் உரசும். போஸ்ட்டில் பிடிக்கும் குழந்தை இருக்கையை இதில் மாட்டக் கூடாது. சைக்கிளைத் தூக்கும்போது கைவிரல் இணைப்புகளுக்கு நடுவே போகாமல் ஃபிரேமைப் பிடித்துத் தூக்குங்கள்.

சேற்றில் ஓட்டினால் போஸ்ட்டுக்கான துணி உறை ஒன்று வாங்கிப் போடலாம். ஆனால் உறைக்குள் ஈரம் தங்கும், ஓட்டி முடித்ததும் கழற்றிக் காயவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போஸ்ட்டை வெளியே எடுத்து, குழாயையும் ஃபிரேமின் உட்புறத்தையும் துடைத்துப் புதிதாக கிரீஸ் (கார்பன் என்றால் கார்பன் பேஸ்ட்) பூசுங்கள். ஒரு வருஷம் அப்படியே விட்டால் அலுமினியம் பூத்து ஃபிரேமோடு இறுகிவிடும், பிறகு கழற்ற வைஸும் பொறுமையும் வேண்டும்.