பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் புது ரிக்கும்

கிருஷ்ணகிரியில் என் மாடி அறைக்குப் பழைய ஹீத்கிட் எஸ்.பி-220 ஒன்று வந்து சேர்ந்தது. ஹாம் ரேடியோவின் பவரைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் அது. புது ரிக்கோடு (ரேடியோ செட்) இணைக்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் ரிலே சாக்கெட்டில், அதாவது அதை இயக்கச் சொல்லி ரிக்கிலிருந்து வயர் வரும் இடத்தில், மல்டிமீட்டரை வைத்தேன். சுமார் 120 வோல்ட் டி.சி! ரிக்கின் கையேட்டில் அந்த வயரைச் செருகும் முனைக்குப் போட்டிருந்த எல்லை வெறும் 16 வோல்ட். நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் காலி.

ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் 12 வோல்ட் ரிலே வாங்கினேன். காயிலில் கரண்ட் பாய்ந்தால் காண்டாக்டை ஒட்டவைக்கும் சுவிட்ச் இது. ரிக் அதன் காயிலை மட்டும் இயக்கும். 120 வோல்ட்டைக் காண்டாக்ட் பார்த்துக்கொள்ளும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். இது இல்லாவிட்டால் காயில் அணையும்போது வரும் உதைப்பே டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

அப்புறம் ரிக்கின் மெனுவில் டிரான்ஸ்மிட் டிலேயை, அதாவது பவர் கிளம்பும் முன் ரிக் காத்திருக்கும் நேரத்தை, கூட்டினேன். ஆன்டெனா ரிலே ஒட்டுவதற்குள் பவர் பாயக் கூடாதே. ரிக்கின் பவரை ஆம்ப்ளிஃபயரே கட்டுப்படுத்த உதவும் ஏ.எல்.சி. வயரை இணைக்கவே இல்லை. ரிக்கின் பவரைக் குறைத்து வைத்தாலே போதும்.