மரம் நட்டால் மட்கு தானாகக் கூடிவிடுமா?

"சருகு உதிர்ந்து மக்கி மண்ணோடு கலந்து மட்காகும், வேர் அதன் சத்தை உறிஞ்சும்." நீலகிரியில் தேயிலை, காய்கறி போடுகிற பலருடைய கணக்கு இதுதான். பாதிதான் சரி. உயிருள்ள வேர் உறிஞ்சுவதோடு, சர்க்கரையையும் அமிலங்களையும் மண்ணில் கசியவும் விடுகிறது. அந்தச் சர்க்கரையில் பெருகும் நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) பழைய மட்கையும் உடைக்கத் தொடங்கும். நம் மலையின் சிவந்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மட்கை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. வேர் விடும் ஆக்ஸாலிக் அமிலம் அந்தப் பிடியையும் தளர்த்தக்கூடும். வேர், மட்கைச் சேர்க்கவும் செய்யும், கரைக்கவும் செய்யும்.

அதனால் புல்வெளியைச் 'சும்மா கிடக்கும் இடம்' என்று நினைத்து மரம் நடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கத்துப் புல்வெளிகளில் மட்கு நிறைந்து மண் கறுத்திருப்பதற்குப் புல்லின் சல்லிவேர்கள் முக்கியக் காரணம். அங்கே சீகை மரத்தை (வாட்டில்) நட்டால் அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், மக்கும் வேகமே மாறிப்போகும். மட்கு கூடுமா குறையுமா என்பது மரத்தையும் மண்ணின் ஆழத்தையும் பொறுத்தது. அப்புறம் வேண்டாமென்று சீகையை வெட்டினாலும், மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் கழித்து முளைக்கும். அது தனித் தலைவலி.

பைன் காட்டில் மெத்தைபோலக் கிடக்கும் ஊசிச் சருகைப் பார்த்து 'நல்ல உரம்' என்று மூட்டை கட்டுவதும் உண்டு. மக்காததால்தான் அது குவிகிறது! ஊசியிலை இயல்பிலேயே மெதுவாக மக்கும். அதோடு, பைன் வேரில் ஒட்டி வாழும் பூஞ்சைகள் சருகிலுள்ள தழைச்சத்தை முந்தி எடுத்துக்கொண்டால், மக்கவைக்கும் உயிர்களுக்குப் பற்றாக்குறை வரும். நியூசிலாந்தில் ஒரு பைன் தோப்பில் பக்கத்து வேர்களை அறுத்துத் தடுத்தபோது சருகு வேகமாக மக்கியதை 1971இல் ஆய்வாளர்களான காட்கில் தம்பதியர் எழுதினார்கள். எல்லாக் காட்டிலும் இப்படி நடப்பதில்லை.

தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில் இந்த வேர்ப்பூஞ்சைக் கூட்டே பெரும்பாலும் கிடையாது. கொத்துக்கொத்தாக வேர்விட்டு, அமிலம் கசிந்து, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தானே கரைத்து எடுத்துக்கொள்ளும். பைனுக்குச் சொன்னதை அதற்குப் பொருத்த முடியாது.

மரத்தை வெட்டிய கையோடு சரிவில் வேரையெல்லாம் தோண்டுவதும் வேண்டாம். நோய் இல்லாத வேர் உள்ளேயே மக்கட்டும். பெரும்பாலும் இலைச்சருகைவிட வேரிலிருந்து வரும் கரிமம் (மட்கின் முக்கியப் பகுதியான கார்பன்) மண்ணில் அதிக நாள் தங்கும். மண் பரிசோதனைக்கு மேல்மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். மரத்தடியில் கீழ்மண்ணையும் தனிப் பையில் எடுங்கள், இரண்டிலும் கரிமத்தை அளக்கச் சொல்லுங்கள்.